நூறு கிராம் இருபத்தாறாம் நம்பர் கம்பி

என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவு செய்ய எங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதுமானதாக இருந்தன. ஒரு சோக் சுற்றுவதற்குக் கம்பி பார்த்து முடிவு செய்ய எனக்குப் பதினாறு நாள் ஆனது. இதை என் மனைவி சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். அவள் சொல்வதில் ஒரே ஒரு திருத்தம்தான் உண்டு. பதினாறு இல்லை, பதினேழு நாள்.

சோக் என்றதும் ட்யூப் லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்குமே, அதை நினைத்துக்கொள்ள வேண்டாம். நாகர்கோவிலில் நான்கு கடைக்காரர்கள் அதை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார்கள். நான் சொல்வது, லைசென்ஸ் வாங்கி வானலையில் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்கள் வீட்டில் தாங்களே செய்துகொள்ளும் ஆம்ப்ளிஃபையருக்குள் இருப்பது. கட்டைவிரல் பருமனில் ஒரு குச்சி. அதன்மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பி ஒரே வரிசையாக, நெருக்கமாகச் சுற்றியிருக்கும். அவ்வளவுதான் அதன் உடம்பு. அதன் வேலை, வால்வுகளுக்குப் போகிற எழுநூறு வோல்ட் மின்சாரத்தை உள்ளே விடுவது, ஆனால் வால்வுகளிலிருந்து கிளம்பும் ரேடியோ அலையை அந்த வழியாக வெளியே விடாமல் இருப்பது. ஆளை உள்ளே விட்டுவிட்டுச் செருப்பை மட்டும் வாசலில் நிறுத்துகிற காவல்காரன் மாதிரி. கம்பி சரியில்லை என்றால் காவல்காரனே புகைந்துவிடுவான். புகையை நான் பார்த்திருக்கிறேன். வாசனை இரண்டு நாள் வீட்டில் இருக்கும், மனைவியின் பேச்சு இரண்டு வாரம் இருக்கும்.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடங்களில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். ஓய்வு பெற்று அஞ்சுகிராமத்தில் இருக்கிறேன். மனைவிக்கு ஊர் அருமனை. மாவட்டத்தின் இந்தக் கடைசியில் நான், அந்தக் கடைசியில் அவள் வீடு. எங்களுக்குக் கல்யாணமானபோது அவள் பேசியதில் பாதி எனக்கு மலையாளம் போலவும், நான் பேசியதில் பாதி அவளுக்குச் சண்டை போலவும் கேட்டது. இப்போது மொழி புரிகிறது. சண்டை மட்டும் சண்டை போலவே கேட்கிறது.

அவளுக்கு ஒரே அண்ணன். என் மச்சான். அருமனையில் மோட்டாருக்கு வைண்டிங் செய்யும் கடை வைத்திருக்கிறார். பம்புசெட் மோட்டார், ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் மோட்டார், எது எரிந்தாலும் அவரிடம்தான் வரும். என் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படித்து ஹாம் லைசென்ஸ் வாங்கினோம். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு, ஏழு மெகாஹெர்ட்ஸில், அவர் அங்கிருந்தும் நான் இங்கிருந்தும் பேசுவோம். இடையில் ஐதராபாத், விஜயவாடா, திருச்சூர் என்று இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்துகொள்வார்கள். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஓய்வு பெறத் துடிப்பவர்கள். மழை பெய்ததா, இட்லியா தோசையா, யாருக்கு முட்டுவலி. நாட்டின் வான்வெளியை நாங்கள் இதற்குத்தான் பயன்படுத்தினோம்.

பேசி முடிக்கும்போது, உங்கள் குரல் எனக்கு எப்படிக் கேட்டது என்று இரண்டு எண்களில் சொல்ல வேண்டும். முதல் எண் தெளிவுக்கு, அது ஐந்து வரை. இரண்டாவது பலத்துக்கு, அது ஒன்பது வரை. ஐந்து ஒன்பது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கிறது என்று அர்த்தம். ஹாம்கள் இதைத் திருவிழாவில் மிட்டாய் கொடுப்பது போலக் கொடுத்துவிடுவார்கள். பாதிப் பேச்சு கேட்காவிட்டாலும் ஐந்து ஒன்பதுதான். மச்சான் அப்படியில்லை. இத்தனை வருடத்தில் எனக்கு அவர் கொடுத்த அதிகபட்ச மதிப்பெண் ஐந்து ஏழு. அதுவும் ஒரு ஈஸ்டர் அன்று.

இனி நான் செய்த கோளாறைச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் முடிவானால் முதல் தகவல் தாய்மாமனுக்குப் போக வேண்டும். போனில் இல்லை. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து, பழமும் பலகாரமும் வாங்கிக்கொண்டு, அவர் வீட்டுப் படியேறிப் போய்ச் சொல்ல வேண்டும். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு வாயைத் திறக்கலாம். ஞாயிறு மத்தியானம் ஆராதனை முடிந்து அருமனைக்குப் போவது என்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம். இடையில் சனிக்கிழமை ஒன்று இருக்கிறது என்பதையும், சனிக்கிழமையிலும் காலை ஆறு மணி உண்டு என்பதையும் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

காலையில் வழக்கம்போலச் செட்டைத் தட்டினேன். மைக்கைக் கையில் எடுத்தேன். சந்தோஷம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கி வைக்கிற பயிற்சி எனக்கு இல்லை. மச்சானைப் பேர் சொல்லி அழைத்து, நம்ம பிள்ளைக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது, மாப்பிள்ளைக்கு இந்த ஊர், இந்த வேலை, இந்தத் தேதி என்று ஒன்று விடாமல் சொன்னேன். எப்போதும் முதலில் அவரிடம்தானே பேசுகிறேன், அவரிடம்தானே சொல்கிறேன் என்றுதான் அந்த நேரத்தில் என் புத்திக்குப் பட்டது. மைக்கின் பொத்தானை விட்டதும் ஐதராபாத்காரர் பாய்ந்து வந்து வாழ்த்தினார். விஜயவாடா வாழ்த்தினார். திருச்சூர்க்காரர் பாடவே தொடங்கிவிட்டார். மச்சான் குரல் மட்டும் வரவில்லை.

எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஏழு மெகாஹெர்ட்ஸில் அப்படித்தான் நடக்கும். காலை வேளைகளில் அலை மேலே போய்த் திரும்பித் தூரத்தில் எங்கேயாவது விழும், பக்கத்தில் இருப்பவனைத் தாண்டிப் போய்விடும். ஐதராபாத்துக்குக் கேட்பது அருமனைக்குக் கேட்காது. எனது செட்டும் வெறும் ஐம்பது வாட்தான். சரி, அவருக்குக் கேட்கவில்லை, நல்லதாகப் போயிற்று, நாளைக்கு நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு தோசை சாப்பிடப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். மச்சான் வாசலுக்கு வந்து வரவேற்றார். சாயா வந்தது, நேந்திரங்காய் வறுவல் வந்தது. மனைவி பழத்தட்டை நீட்டி, அண்ணா, பிள்ளைக்கு ஒரு காரியம் ஒத்துவந்திருக்கு என்று தொடங்கினாள்.

"அறிஞ்சேன்," என்றார் மச்சான். "ஐதராபாத்துக்காரரு போன் செய்தாரு. கொள்ளாம். நல்ல காரியமாக்கும்."

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு விருப்பமில்லை. தேதியைச் சொன்னதும் மச்சான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். அன்றைக்கு ஒரு மோட்டார் கட்டிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, பார்ப்போம் என்றார். கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் இருந்தது. ஒன்றரை மாதம் கழித்து அந்த ஒரு நாளில் மட்டும் முடிக்க வேண்டிய மோட்டார் உலகத்திலேயே கிடையாது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். வறுவல் மட்டும் நன்றாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மார்த்தாண்டம் வரை மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மார்த்தாண்டத்தில் பஸ் மாறி உட்கார்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஒங்களுக்கு ஒரு நாளு வாயை மூடிட்டு இருக்க ஒக்கல்ல, இல்லியா?"

அதோடு மச்சான் ரேடியோவிலும் வருவது நின்றது. காலை ஆறு மணிக்கு நான் அழைப்பேன். ஐதராபாத் வரும், விஜயவாடா வரும், அருமனை வராது. வீட்டில் மகள் விஷயத்தைக் கேள்விப்பட்டாள். அவள் நர்ஸ். எதையும் சுற்றி வளைக்காமல் சொல்கிறவள்.

"அப்பா, மாமா வரல்லண்ணா நான் கல்யாணத்துக்குக் கார்ல ஏற மாட்டேன். சொல்லியாச்சு."

அவள் சொன்னால் செய்வாள். சின்ன வயதில் மாமா தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டால்தான் போவேன் என்று ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்தவள், அவர் அருமனையிலிருந்து பஸ் பிடித்து வரும் வரைக்கும். எனக்குப் பயம் வந்தது. இந்த வயதில் நான் உண்மையாகப் பயப்பட்ட காரியங்களில் இதுவும் ஒன்று.

பயம் வந்தால் மனிதர்கள் ஜெபம் செய்வார்கள், பெரியவர்களை வைத்துப் பேசுவார்கள். நான் ஆம்ப்ளிஃபையர் கட்ட முடிவு செய்தேன். என் கணக்கு இப்படி இருந்தது. அவருக்கு என் குரல் கேட்கவில்லை. அதனால்தான் ஊரான் சொல்லித் தெரிந்துகொள்ள நேர்ந்தது. அதனால்தான் கோபம். என் குரல் பலமாக இருந்திருந்தால் இந்த வம்பு இல்லை. ஆகவே, ஐம்பது வாட்டில் செய்த தப்பை இருநூறு வாட்டில் திருத்த வேண்டும். நாடு முழுவதும் கேட்க அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான்கு பழைய டிவி வால்வுகள் பெட்டியில் கிடந்தன. டிரான்ஸ்பார்மர் இருந்தது. இல்லாதது சோக் ஒன்றுதான்.

"அண்ணன் வீட்டுக்கு பஸ்ஸு ஓடல்லியா?" என்று கேட்டாள் மனைவி.

ஓடுகிறது. மணிக்கு மூன்று ஓடுகிறது. ஆனால் பஸ்ஸில் போய் மன்னிப்புக் கேட்க முகம் வேண்டும். ரேடியோவில் முகம் தேவையில்லை, குரல் மட்டும் போதும். நான் கோழை. அதை இத்தனை வால்வுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

கம்பி தேடும் படலம் தொடங்கியது. கம்பி விஷயத்தில் ஒரு தர்மசங்கடம் உண்டு. தடிமனான கம்பி என்றால் சூடாகாது, ஆனால் குச்சியில் நூறு சுற்றுக்கூட உட்காராது. சுற்று குறைந்தால் ரேடியோ அலை நிற்காமல் ஓடிவிடும். மெல்லிய கம்பி என்றால் ஐந்நூறு சுற்று உட்காரும், ஆனால் மின்சாரம் அரை ஆம்பியர் ஓடியதும் முடி பொசுங்குவது போலப் பொசுங்கும். இருபத்திரண்டாம் நம்பர் தடி. முப்பத்திரண்டு முடி. இருபத்தாறாம் நம்பர்தான் நமக்கு என்று இரண்டு நாள் தாளில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். மச்சானிடம் கேட்டிருந்தால் நான் கேள்வியை முடிப்பதற்குள் சொல்லியிருப்பார். இதுவரைக்கும் என் வீட்டில் இருந்த ஒவ்வொரு சுருளுக்கும் அவர் கடைதான் கம்பி கொடுத்தது. நான் நம்பரைக்கூடச் சொன்னதில்லை. எதற்கு என்று சொல்வேன், அவர் வெட்டிக் கொடுப்பார். இத்தனை வருடம் கம்பியைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் ஆக்கர் கடைக்குப் போனேன். எங்கள் மாவட்டத்தில் பழைய இரும்புக் கடைக்கு அதுதான் பேர். எரிந்துபோன சீலிங் பேன் ஒன்றை எடைக்கு வாங்கி வந்து பிரித்தேன். உள்ளே கம்பியும் வார்னிஷும் சேர்ந்து வெந்து கிடந்தன. நான்கு முழத்துக்கு ஒரு தடவை ஒடிந்தது. மூன்று நாள் அதில் போனது. அடுத்து ஒரு பழைய ஸ்டெபிலைசர். அதில் கம்பி நன்றாகவே வந்தது, ஆனால் பதினெட்டாம் நம்பர். அதை வைத்துத் துணி காயப்போடலாம். மனைவி போடுகிறாள். பிறகு ரேடியோ சாமான் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினேன். அங்கேதான் அந்த நான்கு ட்யூப் லைட் சோக்குகள் என் முன்னால் வந்து உட்கார்ந்தன.

இதற்குள் ஆலயத்தில் முதல் ஓலை வாசித்துவிட்டார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது இருந்தால் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் அறிவிப்பதுதான் ஓலை. முதல் ஞாயிறு எந்தத் தடையும் வரவில்லை. இருந்த தடை அருமனையில் மோட்டார் கட்டிக்கொண்டிருந்தது.

கடைசியில் நாகர்கோவிலில் ஒரு சந்துக்குள் வைண்டிங் கம்பி விற்கும் கடை ஒன்று அகப்பட்டது. எடைக்குத்தான் தருவார்கள், நூறு கிராமுக்குக் குறைந்து கிடையாது. இருபத்தாறாம் நம்பர் எனாமல் கம்பி நூறு கிராம் என்றேன். சிவந்த நிறத்தில் பளபளவென்று சுருள் வந்தது. நான் கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் வேலை பார்த்த காலத்தில் வலைக்காரர்கள் நைலான் நரம்பை இரண்டு கையிலும் பிடித்துச் சுண்டிப் பார்த்து வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அதேபோலக் கம்பியைச் சுண்டிப் பார்த்தேன். எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரியாமல் சுண்டினால் விரல்தான் வலிக்கும். விவரம் தெரிந்தவன் போலத் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நூறு கிராம் என்றால் அறுபத்தெட்டு மீட்டர் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு சோக்குக்கு இருபது மீட்டர் வேண்டும். ஆக மூன்று சோக். ஒன்று பயன்படுத்த, ஒன்று எரிய, ஒன்று அலமாரியில் வைத்துப் பார்க்க. டெஃப்லான் குச்சியில் மூன்று துண்டு அறுத்து வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, குச்சியைத் தொடையில் உருட்டிச் சுற்றினேன். முதல் சோக் அழகாக வந்தது. இரண்டாவது அதைவிட அழகு. மூன்றாவதையும் முடித்துவிட்டுச் சுருளைப் பார்த்தேன். சுருள் குறைந்ததாகவே தெரியவில்லை.

எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கடைக்காரர் தாராளமாக நிறுத்துவிட்டார் என்று நினைத்தேன். டெஃப்லான் தீர்ந்துவிட்டதால் நாலாவதைத் துடைப்பக் கட்டையில் சுற்றினேன். ஐந்தாவதை அகப்பைக் காம்பில். ஆறாவதற்கு மனைவியின் பூரிக் கட்டையைக் கேட்டபோதுதான் அவள் அடுக்களையிலிருந்து வெளியே வந்து பார்த்தாள்.

"இதென்ன, அஞ்சப்பமும் ரெண்டு மீனுமா?" என்றாள். "எடுக்க எடுக்க வருகு?"

அந்தக் கேள்வியில்தான் என் மூளை விழித்தது. நூறு கிராம் நூறு கிராம்தான். நீளம் கூடுகிறது என்றால் எடை இல்லாத கம்பி என்று அர்த்தம். பிளேடை எடுத்து நுனியில் சுரண்டினேன். மேலே எனாமல் சிவப்பு. உள்ளே வெள்ளை. அலுமினியம். அதில் ஈயம் ஒட்டாது, பற்றவைக்க முடியாது, எழுநூறு வோல்ட்டில் அந்த இணைப்பு என்றைக்காவது ஒரு நாள் பொறி பறக்க விடும். கடைக்காரரைத் திட்ட முடியவில்லை. செம்பு என்று நான் கேட்கவில்லை, செம்பு என்று அவர் சொல்லவுமில்லை. முப்பது வருடம் கரும்பலகையில் அடர்த்தி என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டு, பிள்ளைகளை எழுப்பிக் கேள்வி கேட்டவன் நான். செம்பைவிட அலுமினியம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான கனம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஐந்து சோக் சுற்றும் வரைக்கும் கையில் கனம் தெரியவில்லை.

மனைவி அகப்பையைக் கேட்டு வாங்கினாள். அதில் சுற்றியிருந்த கம்பியை அவிழ்க்காமலே முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. இத எடுத்துட்டு அண்ணன்கிட்டே போங்க. நான் வரல்ல. தப்பு செய்தவரு போணும்."

மறுநாள் காலை பஸ் ஏறினேன். பதினேழாவது நாள். பையில் டெஃப்லானில் சுற்றிய ஒரு சோக் மட்டும். கேட்டால் கம்பி வாங்க வந்தேன் என்று சொல்லிவிடலாம். அந்தச் சாக்கு இல்லாமல் என்னால் அந்தக் கடைக்குள் கால் வைத்திருக்க முடியாது.

மச்சான் ஒரு பம்புசெட் மோட்டாரின் வயிற்றுக்குள் கம்பிச் சுருளைத் திணித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாரும் அளியா. இரியும்." மச்சானுக்கு அவர்கள் பக்கத்தில் அளியன் என்று பேர்.

இருந்தேன். வேறு பேச்சு எடுக்கத் தெரியாமல் சோக்கை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை மேலே தூக்கிப் பிடித்தார். சுரண்டவில்லை, பிளேடு எடுக்கவில்லை.

"அலுமினியமாக்கும்," என்றார். "முப்பது வருசம் பிள்ளையளுக்கு அடர்த்தி சொல்லிக் குடுத்தது நீருதானா, இல்ல உம்ம பேருல வேற ஆளா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றுகளைப் பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா, இடைவெளி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிக்கொண்டே போனார்.

"சுத்து கொள்ளாம். கம்பி சவம்."

எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். தராசில் வைத்து நூறு கிராம் நிறுத்தார். செம்பு எப்படி இருக்கும் என்று அப்போது பார்த்தேன். என் சுருளில் பாதிகூட இல்லை, முள் இறங்கிவிட்டது. பேப்பரில் பொதிந்து மேசையில் வைத்தார்.

"எத்தனை வாட்டு?"

"இருநூறு."

"என்னத்துக்கு ஓய் இருநூறு? நீரு என்ன ஆகாசவாணியா நடத்துதீரு?"

"உங்களுக்குக் கேக்கணும்லா மச்சான்," என்றேன். "அன்னைக்கு நான் சொன்னது உங்களுக்குக் கேக்கல. அதான் வெனையாப் போச்சு."

மச்சான் கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரு சொன்னா கேக்கல்லெண்ணு?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணு விடாம கேட்டேன். மாப்பிள்ளைக்க ஊரு, வேலை, தேதி, எல்லாம். இஞ்ச சுத்தி ரப்பர் தோட்டமாக்கும், ஒரு எரைச்சலும் கெடயாது. உம்ம அம்பது வாட்டு எனக்கு என்னைக்கும் கேக்கும். ஒடனே மைக்க எடுத்துப் பதில் சொன்னேன். பிள்ளை நல்லா இருக்கட்டும், கல்யாணச் சேலை நான் எடுக்கேன் எண்ணு சொன்னேன். மூணு மட்டம் சொன்னேன் ஓய். நீரு ஐதராபாத்துக்காரனுக்கு நன்றி சொல்லிட்டு இருந்தீரு. பெறவு அந்த திருச்சூர்க்காரன் பாடினான்."

அஞ்சுகிராமத்தில் என் வீட்டைச் சுற்றித் தெரு முழுக்க எல்இடி விளக்கு, பக்கத்து வீட்டு இன்வெர்டர், எதிர்வீட்டுக் கேமரா. எல்லாம் சேர்ந்து என் செட்டில் எப்போதும் எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஒரு சத்தம். தூரத்து ஆட்கள் பலமாக வந்து அதைத் தாண்டிவிடுவார்கள். மச்சான் குரல் அதற்கு அடியில் கிடந்திருக்கிறது. அந்தச் சத்தத்தில் வீட்டில் இருப்பவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று வால்யூமை வேறு குறைத்து வைத்திருந்தேன். எதிர்முனையில் அவர் மூன்று தடவை அழைத்துக்கொண்டிருந்தபோது நான் விஜயவாடாவிடம் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஆலயத்துல ஓலை வாசிக்கதுக்கு முன்னே நீரு ஆகாசத்துல வாசிச்சீரு. அது போட்டும்," என்றார் மச்சான். "நான் பதில் சொன்னத எல்லாவனும் கேட்டிருக்கான். ஐதராபாத்துக்காரரு எனக்கு எதுக்கு போன் செய்தாரு எண்ணு நெனைக்கிறீரு? உங்க அளியனுக்கு நீங்க சொன்னது கேக்கல்ல போல, வெசமப்படாதீங்கோ எண்ணு சொல்லத்தான். உம்மகிட்டே சொல்லண்டாம் எண்ணு நாந்தான் வெலக்கினேன். எனக்க மருமவளுக்க கல்யாணத்துக்கு வேத்தாள் என்னைச் சமாதானப்படுத்துகான்."

அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் பதினேழு நாள் என் வாயைப் பெரிதாக்கக் கம்பி தேடியிருக்கிறேன். பழுது காதில் இருந்தது. வெட்கமாக இருந்தது. மேசைக்கு அடியில் கிடந்த எரிந்த மோட்டார்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இப்ப விளியும்," என்றார்.

"என்ன?"

"கல்யாணத்துக்கு விளியும். வாயால. இஞ்ச வச்சு."

எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை, உட்கார்ந்துகொண்டு சொல்லத் தோன்றவில்லை.

"மச்சான், உங்க மருமகளுக்குக் கல்யாணம். நீங்க வந்து முன்னே நின்னு நடத்தித் தரணும்."

மச்சான் உள்ளங்கையைக் காதுக்குப் பக்கத்தில் குவித்து வைத்துக்கொண்டார்.

"சிக்னல் வீக். ரிப்பீட்."

திரும்பச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாக.

"எரைச்சல் அதிகம். ரிப்பீட்."

பக்கத்துச் சாயாக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது தடவை தொடங்கும்போது மனப்பாடம் செய்த வாக்கியம் வரவில்லை.

"நீங்க வரலைன்னா அவ கார்ல ஏற மாட்டேங்கா மச்சான். அவ மட்டுமில்ல. எனக்கும் ஏற முடியாது. அன்னைக்கு உங்க சத்தம் வருதான்னு நான் காத்திருந்திருக்கணும். காத்திருக்கல. தப்பு என் மேலதான்."

மச்சான் காதிலிருந்து கையை எடுத்தார். விரலில் இருந்த வார்னிஷைக் கந்தல் துணியில் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"அஞ்சு, ஒம்பது," என்றார்.

பிறகு சாயா வந்தது. மாப்பிள்ளையின் வேலையைப் பற்றி, தெரியாதவர் போல, முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். நானும் முதல் தடவை சொல்வது போலச் சொன்னேன். சேலை எந்தக் கடையில் எடுப்பது என்பதில் எங்களுக்குள் ஒரு சண்டை வந்து, அவர் சொன்ன கடையே முடிவானது.

கம்பிப் பொட்டலத்தை மேசைமேலேயே மறந்துவிட்டு வந்தது, பஸ் மார்த்தாண்டம் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. இறங்கித் திரும்பிப் போகவில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர் கொண்டுவருவார்.